புளியங்கொட்டையா, கரும்பலகையா, கைப்பேசியா? பிள்ளைகளுக்குப் போக்கர் கணக்கு சொல்லித்தர எது தோது

போன மே மாத லீவுக்கு அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வயது 16. யூடியூபில் போக்கர் பார்த்துப் பார்த்தே, ஓர் ஆட்டம்கூட உருப்படியாக ஆடாமல், எல்லாம் தெரிந்தவனாகியிருந்தான். "மாமா, கையில ரெண்டு ஏஸ் வந்துட்டா அவ்வளவுதான், தோக்கவே முடியாது" என்றான். அவனுக்கு ஜோடி பக்கத்து வீட்டுப் பையன், வயது 17. எதிராளியின் முகத்தைப் பார்த்தாலே, நல்ல சீட்டு இருப்பதுபோல் ஏய்த்து பிளஃப் அடிக்கிறானா இல்லையா என்று இவனுக்குத் தெரிந்துவிடுமாம். மூன்றாவது ஆள் என் தம்பி மகள், 15. அவள் அதிகம் பேசமாட்டாள். இந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மூவரிலும் அவளுடைய தன்னம்பிக்கைதான் பெரியது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

சீட்டு என்றாலே எங்கள் வீட்டில் முகம் சுளிப்பார்கள். "ஊர்ல வேற கணக்கே இல்லையாடா உனக்கு?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். சொல்லித் தராமலே விடுவதும் ஒரு வழி என்று யோசித்தேன். ஆனால் பிள்ளைகள் ஏற்கெனவே கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதுவும் ஜெயித்த ஆட்டங்களை மட்டும் வெட்டி ஒட்டிக் காட்டும் வீடியோக்களிலிருந்து. போதாததற்கு நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் நிகழ்தகவுப் பாடத்திலேயே 52 சீட்டுக்கட்டு வருகிறது. காசு கிடையாது, அலைபேசியில் ஆட்டம் கிடையாது என்று இரண்டு நிபந்தனை போட்டதும் அக்கா சம்மதித்தாள்.

எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, கணக்கு. மற்றது அடக்கம். அடக்கம் என்றால் வாயை மூடிக்கொண்டு உட்காருவதைச் சொல்லவில்லை. "இது எனக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியும்?" என்று தன்னையே அளந்து, அந்த அளவைச் சரியாகச் சொல்லத் தெரிவதைச் சொல்கிறேன். ஒரு வழி இதில் ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைக் கெடுக்கிறது. அதனால்தான் தேர்வு செய்ய நேரம் பிடித்தது.

முதலில் கரும்பலகை. கணக்கு மட்டும் போதுமென்றால் இதைவிட வேகமான வழி கிடையாது. 52 சீட்டில் கைக்கு 2 சீட்டு வரக்கூடிய விதங்கள் 1,326. அதில் ஏஸ் ஜோடி 6 விதம். ஆக 221 கைக்கு ஒரு முறைதான் அது வரும். ஏஸ் ஜோடி வைத்திருப்பவனுக்கு எதிரே ராஜா ஜோடி இருந்தால், எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் 5 சீட்டும் விழுந்த பிறகு ஏஸ் ஜெயிப்பது ஏறக்குறைய 82 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மோதல் 4 முறை நடந்தால், ஒரு முறையாவது தோற்பதற்கு வாய்ப்பு 55 சதவீதம்; 0.82ஐ 4 தடவை பெருக்கி 1இலிருந்து கழித்தால் வந்துவிடும். இன்னொன்று: மேசையில் 6 பேர் இருந்து, மற்ற 5 பேரும் கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு கடைசிவரை விடாமல் நின்றால், ஏஸ் ஜோடி ஜெயிப்பது 49 சதவீதம்தான். பாதிக்கும் கீழே.

இதையெல்லாம் எழுதிக் காட்டினேன். அக்கா மகன் தலையாட்டினான், பெருக்கலைக்கூடச் சரிபார்த்தான். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும், ஒரு ஏஸும் ஒரு 5உம் வைத்துக்கொண்டு "ஆல்-இன்" என்றான், அதாவது இருப்பதையெல்லாம் ஒரே கையில் கட்டிவிட்டான். கரும்பலகையின் கோளாறு இதுதான். நிகழ்தகவில் முழு மார்க் வாங்கிய பையனுக்கு அந்தக் கணக்கு மேசையில் நடக்கும் விஷயத்தைப் பற்றியது என்றே தோன்றுவதில்லை. அது பரீட்சைக்கு, இது ஆட்டத்துக்கு. மூளையில் இரண்டும் தனித்தனி அறை.

கைப்பேசி ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காசுக்குப் பதில் இலவச சிப்ஸ் (பந்தய வில்லை) வைத்து ஆடும் ஆட்டங்கள் நிறைய உண்டு. ஒரு மணி நேரத்தில் நூறு கை பார்த்துவிடலாம் என்பது ஒன்றே அதன் நல்ல குணம். சிப்ஸ் தீர்ந்தால் மறுபடி நிரப்பிவிடுவார்கள், அதனால் யாரும் ஃபோல்ட் செய்வதில்லை, அதாவது சீட்டைக் கவிழ்த்து விலகுவதில்லை. யாரும் ஃபோல்ட் செய்யாத இடத்தில் கற்றுக்கொள்ளும் போக்கர் போக்கரே கிடையாது. சட்டமும் பக்கத்திலேயே நிற்கிறது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்தது. இரண்டும் திறமை ஆட்டம் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்தது. 2025இல் வந்த மாநில விதிகள் 18 வயதாகாதவர்களைக் காசு ஆட்டத்திலிருந்து விலக்கின, இரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்துக்குப் பூட்டும் போட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் காசு ஆட்டத்தையே தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. இலவச ஆட்டத்துக்கு இதில் எதுவும் பொருந்தாது என்பது சரி. ஆனாலும் காசு ஆட்டம் எந்தத் திரையில் நடக்குமோ, அதே திரையில் கையைப் பழக்கிவிடுவானேன்? இந்த வழியை அன்றைக்கே தள்ளிவிட்டேன்.

அடுத்தது, பெரியவர்கள் பலர் சிபாரிசு செய்யும் வழி: "நல்லா ஆடத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட உக்கார வை. நாலு அடி வாங்கினா தானா அடங்குவான்." என் மைத்துனர் நன்றாக ஆடுவார். ஒரு நாள் மாலை கூப்பிட்டு உட்காரவைத்தேன். என்ன நடந்தது? மைத்துனர் தோற்றார். அக்கா மகன் 7உம் 2உம் வைத்து ஜெயித்தான். வெவ்வேறு பூவில் 7-2 என்றால் போக்கரிலேயே மோசமான கை என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அன்று ராத்திரி அவன் காலில் தரை படவில்லை.

நாங்கள் மணிக்குச் சுமார் 25 கை ஆடினோம். ஒருவருக்கு ஏஸ் ஜோடி வரவே சராசரியாக 9 மணி நேரம் ஆகும் என்றால், ஒரு மாலை ஆட்டத்தின் வெற்றி தோல்வியில் திறமை எங்கே தெரியப்போகிறது? அப்படியே மைத்துனர் ஜெயித்திருந்தாலும் பையன்கள் சொல்லியிருக்கக்கூடிய பதில் எனக்குத் தெரியும்: "அவருக்கு நல்ல சீட்டா விழுந்துச்சு." தோற்றால் அதிர்ஷ்டம், ஜெயித்தால் மூளை. இந்தக் கணக்கை வைத்திருப்பவனை எந்தத் தோல்வியும் தொடாது. அவமானம் வேண்டுமானால் படுவான்.

பக்கத்து வீட்டுப் பையனின் வாயில் எப்போதும் கிறிஸ் மணிமேக்கர் கதை. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து அக்கவுன்டன்ட். 2003இல் ஆன்லைன் தகுதிச் சுற்று வழியாக உலகப் போக்கர் தொடரின் பெரிய போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தவர். உண்மைதான். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். மற்ற 838 பேரில் ஒருவரின் பெயர் சொல்லு என்றேன். இரண்டு பெயர் சொன்னான்! யூடியூப் உபயம். சரி, என் கேள்விதான் வீணாய்ப் போனது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த வழி, சீட்டே இல்லாதது. தாயம் ஆட எங்கள் அம்மா புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்பார். அதில் ஒன்றை எடுத்துப் பிள்ளைகள் முன்னால் வைத்து, "இதைப் போட்டா வெள்ளை மேலே விழ எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டேன். மூன்று பேரும் ஒரே குரலில் "பாதிக்குப் பாதி." ஏன்? "ரெண்டு பக்கம்தானே இருக்கு."

போட்டு எண்ணச் சொன்னேன். 100 தடவை போட்டதில் 61 முறை வெள்ளை. "பாத்தீங்களா, பாதி இல்லை" என்று நான் ஆரம்பிக்கவும், தம்பி மகள், "பெரியப்பா, நாணயத்தை 100 தடவை சுண்டினாலும் 60 வர வாய்ப்பு இருக்கே?" என்றாள். இருக்கிறது. 100 முறை சுண்டும் நாணயம் 40க்கும் 60க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும்; அதைக் கொஞ்சம் தாண்டுவதும் அதிசயமில்லை. நான் அவசரப்பட்டுவிட்டேன். இன்னும் 100 போட்டோம். மொத்தம் 200க்கு 125. இப்போது கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம்: இந்தக் கொட்டை பாதிக்குப் பாதி கிடையாது. எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல எந்தச் சூத்திரமும் கிடையாது. கொட்டையின் முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது, எவ்வளவு தேய்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. போட்டுப் போட்டு எண்ணுவது ஒன்றே வழி.

நளன் கதையில் ஓர் இடம் உண்டு. தேரில் போகும்போது அரசன் இருதுபன்னன் தான்றி மரத்தைப் பார்த்து அதில் இத்தனை காய் என்று சொல்கிறான். நளன் அதை அப்படியே நம்பிவிடுவதில்லை. தேரை நிறுத்தி இறங்கி எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருந்த பிறகுதான் அந்த வித்தையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். சூதில் நாட்டையே தோற்றவன், அடுத்த முறை ஆட உட்காருவதற்கு முன்னால் செய்த வேலை எண்ணுவது. பையன்களிடம் இதைச் சொன்னபோது "தேரை நிறுத்தினா சுயம்வரத்துக்கு லேட் ஆகாதா?" என்றுதான் கேட்டார்கள்.

கொட்டை வழியில் குறை என்னவென்றால், பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிடுகிறது. 200 தடவை போட்டு எண்ணியது ஒரே ஒரு மாலைதான். போக்கரின் சூடு அதில் இல்லை. சூடு இல்லாத இடத்தில் எல்லோருமே அடக்கமாகத்தான் இருப்பார்கள்.

ஆகவே மேசைக்கு வந்தோம். ஆளுக்கு 100 புளியங்கொட்டை, மொட்டைமாடியில் பாய், ஒரு சீட்டுக்கட்டு. விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆளுக்கு 2 சீட்டு மறைவாக, நடுவில் 5 சீட்டு திறந்து. முதல் 3 ஃப்ளாப், நான்காவது டர்ன், கடைசி ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், மற்றவர் கட்டியதற்குச் சமமாக வைத்து நிற்கலாம் (இதுதான் கால்), அல்லது ஃபோல்ட் செய்து விலகலாம். நடுவில் சேரும் கொட்டைக்குப் பாட் என்று பெயர்.

இரண்டாம் நாள் ஆடிய ஒரு கையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். தம்பி மகள் கையில் ஆட்டின் 8, ஆட்டின் 7. நடுவில் ஆட்டின் 10, ஆட்டின் 4, கிளாவர் ராணி. டர்னில் இஸ்பேட் 3. இன்னும் ஓர் ஆட்டின் விழுந்தால் அவளுக்கு ஃப்ளஷ், அதாவது ஒரே பூவில் 5 சீட்டு. விழாவிட்டால் கையில் ஒன்றுமில்லை. பாட்டில் 60 கொட்டை. பக்கத்து வீட்டுப் பையன் 30 வைத்தான். அவனிடம் ராணி ஜோடியாவது இருக்கும் என்று அவள் முடிவு செய்தாள்.

அவள் விரல் விட்டு எண்ணியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரிந்த சீட்டு 6, தெரியாதது 46. அதில் ஆட்டின் சீட்டுகள் ஒன்பது. ஐந்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு, 19.6 சதவீதம். அவள் வைக்க வேண்டியது 30, ஜெயித்தால் கிடைப்பது 90. மொத்தம் 120இல் 30, அதாவது 25 சதவீத வாய்ப்பாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும். இல்லை. சீட்டைக் கவிழ்த்தாள்.

ரிவரில் விழுந்தது ஆட்டின் 2.

பையன்கள் போட்ட கூச்சலில் கீழிருந்து அம்மா "என்னடா ஆச்சு?" என்று கேட்டார். "கால் பண்ணிருந்தா மொத்தமும் உனக்குத்தான்!" அவள் முகம் சிவந்துவிட்டது. நான் அவள் பக்கம் பேசினேன்: சராசரியில் அந்த கால் 6.5 கொட்டை நஷ்டம், அவள் செய்ததுதான் சரி, விழுந்த சீட்டை வைத்து எடுத்த முடிவை அளக்காதீர்கள் என்று. அப்போது அக்கா மகன் ஒன்று கேட்டான். "மாமா, ஆட்டின் விழுந்தா, அதுக்கப்புறம் இவன் இன்னும் கொஞ்சம் கட்டுவானே. அதையும் நாம பிடுங்கலாமே. அதை ஏன் கணக்குல சேர்க்கல?"

"அதெல்லாம் சும்மா பேச்சுடா" என்று சொல்லிவிட்டேன்.

சும்மா பேச்சு இல்லை. ராத்திரி படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்டின் விழுந்த பிறகு சராசரியாக இன்னும் 34 கொட்டை பிடுங்க முடியுமென்றால் அந்த கால் லாபம்தான். அனுபவசாலிகள் எல்லோரும் இதைச் சேர்த்துத்தான் யோசிப்பார்கள். பையனின் யோசனை சரி. ஆனால் எதிராளியிடம் மிச்சம் இருந்தது 22 கொட்டைதான், அதனால் தம்பி மகள் கவிழ்த்ததும் சரி. மறுநாள் காலை காபியோடு அவனிடம் போய், "நேத்து நீ கேட்டது நியாயமான கேள்வி, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். மேசையில் உட்காரும் பெரியவர் இதற்குத் தயாராக இல்லையென்றால் இந்த வழியை எடுக்கவே வேண்டாம்.

மேசை, கணக்கைச் சூடான இடத்துக்குக் கொண்டுவருகிறது. பலகையில் 20 நிமிடத்தில் மறந்துபோன பாட் கணக்கு, அந்த ஆட்டின் 2க்குப் பிறகு மூன்று பேருக்கும் மறக்கவில்லை. "அவுட்ஸை, அதாவது விழுந்தால் நம் கை தேறும் சீட்டுகளை எண்ணு, ஒரு சீட்டு பாக்கியென்றால் 2ஆல் பெருக்கு, இரண்டு பாக்கியென்றால் 4ஆல்" என்ற குறுக்கு வழியும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. ஃப்ளாப்பில் ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைந்தால் 9 முறை 4, அதாவது 36 சதவீதம். சரியான கணக்கு 35. நடைமுறைக்கு இது போதும்.

ஆனால் அடக்கம்? ஊஹூம். மேசை மட்டும் இருந்தால் மைத்துனர் வந்த நாளின் கதைதான் தினமும். எதிர்பாராமல் ஜெயிப்பவன் கொழுக்கிறான், சரியாக ஆடித் தோற்பவள் சோர்ந்துபோகிறாள்.

2018இல் கார்மென் சாஞ்செஸ், டேவிட் டன்னிங் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் கற்பனையான ஜாம்பி நோய்களைக் கண்டுபிடிக்கும் மருத்துவர் வேலையைப் பழக வேண்டும். ஒன்றுமே தெரியாத ஆரம்பத்தில் எல்லோரும் அடக்கமாகவே இருந்தார்கள். சில நோயாளிகளைப் பார்த்து முடித்த உடனே நம்பிக்கை விர்ரென்று ஏறியது. திறமை அதே வேகத்தில் ஏறவில்லை. என் வீட்டு மாடியில் நடந்ததும் அச்சு அசல் இதுதான். முதல் நாளைவிட மூன்றாம் நாள்தான் ஆபத்து.

மடிக்கணினியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பைத்தான் தெரிந்த பிள்ளை என்றால் 30 வரியில் சீட்டைக் கலைத்து 10,000 முறை போட்டுப் பார்த்துவிடலாம். விடை ஒரு சதவீதம் முன்னே பின்னே வந்துவிடும். தம்பி மகளுக்கு இது பிடித்திருந்தது, இரண்டு நாள் அதிலேயே உட்கார்ந்திருந்தாள். சண்டை தீர்த்துவைக்க இதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் பையன்களுக்குத் திரையில் வரும் 35 வெறும் எண். அதனால் கையாலேயே போடச் சொன்னேன்: ஃப்ளஷுக்கு ஒன்று குறைவாக ஃப்ளாப் வரை அடுக்கிவைத்து, மிச்சத்தைக் கலைத்து இரண்டு சீட்டு எடுப்பது. 40 தடவை. தொடங்கும் முன் அக்கா மகனின் கணிப்பு, 40க்கு 28 முறை ஃப்ளஷ் வரும் என்பது. வந்தது 13. இருபதாவது தடவைக்கு அப்புறம் அவன் சத்தமே இல்லை. 40 தடவையில் 8இலிருந்து 20 வரை எதுவும் சகஜம். இருந்தாலும் 28க்கு அது வெகு தூரம்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அவனை அமைதியாக்கியது சீட்டு இல்லை, முன்கூட்டியே எழுதிவைத்த அந்த 28. எழுதாமல் இருந்திருந்தால் "நான் அப்பவே நினைச்சேன்" என்றிருப்பான்.

அதனால் நான் கடைசியில் பிடித்துக்கொண்ட வழி: மேசையோடு ஒரு நோட்டு. ஃப்ளாப் விழுந்ததும், விலகாமல் நிற்கும் ஒவ்வொருவரும் "இந்த பாட் எனக்கு" என்பதற்கு எத்தனை சதவீதம் என்று தன் பக்கத்தில் எழுதிக் கவிழ்க்க வேண்டும். கடைசிவரை போய்ச் சீட்டைத் திறந்த கைகளுக்கு மட்டும் மதிப்பெண். மதிப்பெண் போடும் முறையை அமெரிக்க வானிலைத் துறையில் இருந்த கிளென் பிரையர் 1950இல் எழுதினார்; "நாளை மழைக்கு 70 சதவீதம்" என்று சொல்பவர்களை எப்படி மார்க் போடுவது என்பதற்காக. வீட்டுக்கு ஏற்றபடி நான் சுருக்கிக்கொண்டது இப்படி: 90 என்று எழுதி ஜெயித்தால் குறை 10, அதைப் பத்தால் வகுத்து அதன் வர்க்கம், 1 அபராதம். 90 என்று எழுதித் தோற்றால் குறை 90, அபராதம் 81. 60 என்று எழுதினால் ஜெயித்தால் 16, தோற்றால் 36. 100 என்று எழுதித் தோற்றவனுக்கு 100.

இதில் ஏமாற்ற வழியில்லை. உண்மையான வாய்ப்பு 80 என்றால், 80 என்று எழுதுபவனுக்குச் சராசரி அபராதம் 16; பந்தாவாக 100 என்று எழுதுபவனுக்கு 20. மனதில் இருப்பதை அப்படியே எழுதுவதுதான் லாபம். இன்னொரு அழகு: எப்போதும் 50 என்றே எழுதும் ஆளுக்கு எந்தக் கையிலும் அபராதம் 25தான். ஆக யாருடைய சராசரி 25ஐத் தாண்டுகிறதோ, அவர் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பவரைவிட மோசம்.

முதல் மாலை முடிவில் அக்கா மகன் 34. பக்கத்து வீட்டுப் பையன் 29. தம்பி மகள் 27. நான் 24. கொட்டைக் குவியலைப் பார்த்தால் அன்றைக்கு அக்கா மகனிடம்தான் எல்லோரையும்விட அதிகம். நோட்டில் கடைசி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை, 24 ஒரு மார்க்கா? அவனே வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். 100 என்று எழுதியவை எத்தனை என்று எண்ணினான்.

குறைகளும் உண்டு. எழுதிக்கொண்டிருந்தால் மணிக்கு 12 கைக்கு மேல் நகராது. பிளஃப் அடித்து மற்றவர்களை விலகவைத்த கைகள் நோட்டில் ஏறுவதே இல்லை, அதனால் பக்கத்து வீட்டுப் பையனின் நிஜமான திறமையில் ஒரு பகுதியை நோட்டு பார்க்கவில்லை என்று அவன் குறைபட்டுக்கொண்டது சரிதான். மேசைக்கு நாலு பேராவது வேண்டும். வீட்டில் ஒரே பிள்ளை என்றால் மேசையை விட்டுவிட்டு, அந்த 40 தடவைச் சோதனையையும் கணிப்பு எழுதுவதையும் மட்டும் செய்யலாம். அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். ஏற்கெனவே தன்மீது நம்பிக்கை குறைந்த பிள்ளைக்கு இந்த நோட்டைக் காட்டவே வேண்டாம்; அவர்களுக்குக் கொட்டையும் சிரிப்பும் போதும். பிள்ளை ரகசியமாகக் காசு கட்டி ஆட ஆரம்பித்துவிட்டான் என்றால் நான் மேலே சொன்ன எதுவும் உதவாது. கணக்குப் பாடத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்து பேச வேண்டும், தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைக்க வேண்டும்.

பலகையை நான் முழுக்கக் கைவிடவில்லை. வரிசையை மட்டும் மாற்றிவிட்டேன். முதலில் மேசை, நோட்டு; ஏதாவது கையில் தகராறு வந்தால் மறுநாள் காலை பலகை; அதிலும் தீராவிட்டால் தம்பி மகளின் மடிக்கணினி. கேள்வி அவர்களுடையதாக இருக்கும்போது அதே பெருக்கல் வேறு மாதிரி இறங்குகிறது.

நாலாவது மாலையில் அக்கா மகன் 22க்கு வந்துவிட்டான். அவன் நோட்டில் 100 என்ற எண்ணே காணோம், 95கூட ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் 28லேயே நின்றான். முகத்தைப் பார்த்தே பிளஃபைக் கண்டுபிடிக்கும் வித்தை நோட்டில் வரவில்லை என்றான். சரி, அதையும் எழுதுவோம் என்று முடிவு செய்தோம். யாராவது பெரிதாகக் கட்டும்போது அவன் "பிளஃப்" அல்லது "நிஜம்" என்று எழுதிக் கவிழ்ப்பான். கட்டியவர் கை முடிந்ததும் சீட்டைக் காட்டுவார். 20 தடவையில் 11 சரி.

"நாணயத்தைச் சுண்டினாலே 10 வரும்டா" என்றான் அக்கா மகன்.

"20 தடவையெல்லாம் பத்தாது அங்கிள். நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். 200 ஆகட்டும் என்று அவனுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். இதுவரை 46 ஆகியிருக்கிறது.